எந்த நாளின் இரவு?



பருத்திப்பட்டில் நாம் வாழும் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பட்டப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். வெளியூரில் ஒரு சனிக்கிழமை காலை நடைபெறவிருந்த நேர்முகத் தேர்வுக்கு அவருக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டால் விடிந்ததும் போய்ச் சேரலாம் என்று எண்ணி, இரயிலில் பயணச்சீட்டு எடுத்தார். சீட்டில் வெள்ளிக்கிழமைக்குரிய தேதியும், புறப்படும் நேரம் 00.20 என்பதும் தெளிவாகவே இருந்தன. "வெள்ளி இரவு வண்டி" என்று வீட்டாரிடமும் சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பிய அவருடைய பாட்டனார், "வெள்ளி இரவு வந்துவிட்டதே தம்பி, இன்னும் பெட்டி கட்டவில்லையா?" என்று கேட்டார். வீட்டிலிருந்தோர் சிரித்தனர். முதியவருக்குக் கிழமை மறந்துவிட்டது என்று கருதி, "இன்று வியாழன்தான், வண்டி நாளைக்கு" என்று விளக்கினர். அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகையை முடித்து, இரவு உணவு உண்டு, ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறி, சென்ட்ரல் நிலையத்தை அடைந்தார் இளைஞர். சீட்டைப் பார்த்த பரிசோதகர், "உங்கள் வண்டி நேற்றிரவே போய்விட்டது தம்பி" என்றார். வேறு வண்டிகளில் இடமில்லை. தேர்வுக்குரிய காலை வேளை பருத்திப்பட்டிலேயே விடிந்தது.

இதில் இரயில்வேயைக் குறை கூற இடமில்லை. இளைஞரும் கவனமற்றவர் அல்லர். அவருக்குத் தெரிந்த தமிழில் 12.20 மணி என்பது இரவு. வெள்ளியின் இரவு என்பது வெள்ளிப் பகலுக்குப் பின் வருவது. ஆங்கிலம் அறியாத, மக்தபில் மட்டுமே பயின்ற பாட்டனாரோ, தற்செயலாக அன்று, கடிகாரத்தோடு ஒத்துப்போனார். ஒரே சொற்றொடரை மூவர் மூன்று நாட்காட்டிகளைக் கொண்டு படித்ததன் விளைவே இந்த இழப்பு.

மொழிபெயர்ப்பு என்றதும் கவிதையையும் கலைச்சொல்லையும் பற்றிப் பேசுகிறோம். அணுவுக்கும் கணிப்பொறிக்கும் சொல் ஆக்குகிறோம். நாளும் வழங்கும் காலச் சொற்களைப் பற்றி மட்டும், அவை எளியவை, யாவருக்கும் தெரிந்தவை என்று எண்ணிக் கடந்து போய்விடுகிறோம். எளியவை போல் தோன்றும் இச்சொற்களே பிழைக்கு மிகுதியாக இடந்தருகின்றன என்பதும், காலச் சொல் ஒன்றைப் பெயர்க்குமுன் "இஃது எந்த நாட்கணக்கைச் சேர்ந்தது?" என்று கேட்டறிதல் கடமை என்பதும் நம் கருத்து.

ஒரு கணம், மூன்று கணக்கு

நாள் என்பது எப்போது பிறக்கிறது? நம் பகுதியில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் உண்டு.

கடிகாரத்தின் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. அரசு அலுவலகம், வங்கி, இரயில்வே, பிறப்புச் சான்றிதழ் யாவும் இக்கணக்கையே கொள்கின்றன. தமிழ்ப் பஞ்சாங்கத்தின் நாள் ஞாயிறு எழும்போது பிறந்து, மறுநாள் ஞாயிறு எழும்வரை நீடிக்கிறது. பேச்சு வழக்கும் இதையே பின்பற்றுகிறது. திங்கள் இரவு 2 மணி என்று ஒருவர் சொன்னால், கடிகாரப்படி அது செவ்வாய் என்பதை அவர் எண்ணுவதில்லை. விடியும்வரை அவருக்கு அது திங்கள்தான். இஸ்லாமிய நாளோ ஞாயிறு மறையும்போது பிறக்கிறது. இரவு முன்னே வரும், பகல் பின்னே வரும். ஆகவேதான் ஜும்ஆ இரவு என்பது வியாழன் மாலை மயங்கியதும் தொடங்குகிறது. ரமலானில் தராவீஹ் முந்திய இரவிலும், நோன்பு மறுநாள் பகலிலும் தொடங்குகின்றன.

நாடறிந்த சான்று ஒன்றைக் கூறலாம். நம் நாடு விடுதலை பெற்ற கணத்தைச் சிலர் ஆகஸ்ட் 14 நள்ளிரவு என்பர்; வேறு சிலர் ஆகஸ்ட் 15 நள்ளிரவு என்பர். மாணவர்கள் விடைத்தாளில் இரண்டையும் எழுதுகின்றனர். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. எனவே அக்கணம் தமிழ்ப் பேச்சு வழக்கில் வியாழன் இரவு. அரசுக் கணக்கில் வெள்ளிக்கிழமையின் தொடக்கம். ஹிஜ்ரி 1366ஆம் ஆண்டின் ரமலான் நோன்பிருந்த நம் முன்னோருக்கு ஜும்ஆவின் இரவு. மூன்றும் உண்மையே. ஒன்றைப் பொய் என்று தள்ளினால், அக்கணக்கில் வாழ்ந்த மக்களையே தள்ளியவராவோம்.

தொழிலாளர் வாழ்விலும் இச்சிக்கல் உண்டு. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த பின்னர், நம் பகுதியின் பொழுதை ஆலைச் சங்கு அளக்கத் தொடங்கியது. வியாழன் இரவு 10 மணிக்கு ஷிப்டுக்குச் சென்றவர் வெள்ளி காலை 6 மணிக்கு வெளியே வருகிறார். அவர் உழைத்தது எந்த நாளில்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 57ஆம் பிரிவில் இதற்கு விடை வகுத்தது. நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணிகள் முந்திய நாளின் கணக்கில் சேரும். அந்த ஷிப்டு முடியும்போதுதான் அத்தொழிலாளிக்கு மறுநாள் தொடங்கும் என்றது. நள்ளிரவில் நாள் மாறும் என்னும் ஆங்கில வழக்கில் பிறந்த சட்டமே, உழைப்பவனின் இரவைப் பிளக்கலாகாது என்று உணர்ந்து வழிவிட்டது. மொழிபெயர்ப்பாளனுக்கும் இவ்வுணர்வு வேண்டும்.

மணியும் அரையும்

வேற்று மொழி ஒன்றோடு ஒப்பிட்டால் நம் மொழியின் இயல்பு நமக்கே விளங்கும். அதற்கு டேனிஷ் மொழியை எடுத்துக்கொள்வோம். அது நமக்கு முற்றிலும் அந்நியமன்று. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கு வணிகம் செய்தனர். தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ இரண்டேகால் நூற்றாண்டு ஒலித்த மொழி அது.

இப்போது மணி என்ன என்று நாம் கேட்கிறோம். மணி என்பது ஒலிக்கும் மணிதான். அதுவே நேரத்துக்கும் ஆகிவந்தது. டேனிய மொழியிலும் நேரத்தைக் குறிக்கும் க்ளோக் என்னும் சொல் மணியையே உணர்த்தும். ஆங்கிலத்தின் கிளாக் என்னும் சொல்லும் மணியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. கோட்டை மணியோ கோயில் மணியோ ஒலித்து நேரம் அறிவித்த காலத்தின் சுவடு மூன்று மொழிகளிலும் இருக்கிறது.

ஒற்றுமை இவ்வளவே. ஆங்கிலேயர் இரண்டுக்குப் பின் அரை என்பர். தமிழர் இரண்டரை என்பர். இரண்டும் கடந்துபோன இரண்டைப் பற்றிக்கொண்டு எண்ணுகின்றன. டேனியரோ அதே நேரத்தை அரை மூன்று என்பர். வரவிருக்கும் மூன்றில் பாதி வந்துவிட்டது என்பது பொருள். 2 மணி 25 நிமிடத்தை அவர்கள் அரை மூன்றுக்கு ஐந்து நிமிடம் என்பதும் உண்டு. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் இங்கே ஒரு மணி நேரம் தவறிவிடுவான். வணிகக் கப்பல் போய்விடும்.

நமக்கும் இத்தகைய இடறல் உண்டு. மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால் என்று கடந்த மணியின்மேல் கூட்டிச் செல்வதே தமிழின் போக்கு. ஆங்கிலத்தில் நான்குக்குக் கால் என்று வருவதை அப்படியே எழுதினால், படிப்பவர் நான்கேகால் என்று கொள்ளக்கூடும். அரை மணி நேரம் பிழையாகும். மூன்றேமுக்கால் என்னும் சொல் நம்மிடம் இருக்க, அதை விட்டுவிட்டு இரவற் சொற்றொடரைத் தேடுவானேன்? இன்றைய மாணவர் பலர் மூன்றேமுக்காலைச் சொல்வதில்லை. த்ரீ ஃபார்ட்டிஃபைவ் என்கின்றனர். எண் வடிவில் நேரம் காட்டும் கைபேசி வந்தபின், காலும் அரையும் முக்காலும் வாய்ப்பேச்சிலிருந்தே மறைந்து வருகின்றன. கேட்டால் அது துல்லியம் என்பர். முக்கால் என்பதும் 45 நிமிடமே. அதில் குறைந்த துல்லியம் யாது?

மற்றொன்று. மூன்று மணி வேறு, மூன்று மணி நேரம் வேறு. முன்னது பொழுதைச் சுட்டும். பின்னது நீட்சியைச் சுட்டும். வினாத்தாளின் தலைப்பில் மூன்று மணி என்று மட்டும் அச்சிடுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நலம்.

நேற்றும் நாளையும்

நாளைக்கு அடுத்த நாளைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழக்கிலுள்ள தனிச்சொல் இல்லை. நான்கு சொற்களைக் கோக்க வேண்டியிருக்கிறது. டேனிய மொழியில் ஒரே சொல் உண்டு. தமிழில் நாளை மறுநாள் என்றும், பேச்சில் நாளன்றைக்கு என்றும் வழங்குகிறோம். கடந்ததற்கு முந்தாநாள் என்னும் அழகிய சொல் இருக்கிறது. ஆங்கில நூலைப் பெயர்க்கும் மாணவர் இவற்றை மறந்து, நேற்றைக்கு முந்தைய நாள் என்று நீட்டி எழுதுவது எதற்கு?

நம் வகுப்பறையில் வீட்டில் உருது பேசும் மாணவரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் மொழியில் கல் என்னும் ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். தமிழ் மட்டும் அறிந்தவர் இதனை வியப்பர், சிலர் நகைப்பர். நகைக்க வேண்டியதில்லை. வினைச்சொல் காலத்தைக் காட்டிவிடும். டேனிய மொழியிலும் இன்றிரவையும் கழிந்த இரவையும் ஒரே தொடரால் சொல்வதுண்டு. அங்கும் வினையே வழிகாட்டும். ஒரு மொழியின் குறையாகத் தோன்றுவதை, அம்மொழி வேறோரிடத்தில் நிறைவு செய்துகொள்கிறது. சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துப் பெயர்ப்பவனுக்கு இந்த நிறைவு கிட்டாது.

பதினைந்து நாள் என்னும் வழக்கையும் நோக்குவோம். ஆங்கிலத்தின் ஃபார்ட்நைட் என்பது பதினான்கு இரவுகள் என்னும் தொடரின் சுருக்கம். டேனியர் பதினான்கு பகல்கள் என்பர். நாமோ பதினைந்து நாள் என்போம். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். மூன்றும் ஒரே காலத்தைத்தான் குறிக்கின்றன. நூலக விதியில் ஆங்கிலத்தில் பதினான்கு நாள் என்றும் தமிழில் பதினைந்து நாள் என்றும் எழுதப்பட்டிருந்தால், ஒரு நாள் தண்டத்தொகையை மாணவர் கட்ட வேண்டிவரும். அத்தொகை சிறிதாயிருக்கலாம். அதே பிழை வாடகை ஒப்பந்தத்திலோ நீதிமன்ற அறிவிப்பிலோ நேர்ந்தால் சிறிதாயிராது.

வார இறுதி என்பதும் அவ்வாறே. அதைச் சனி, ஞாயிறு என்று விரித்தெழுதுவோர், கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களை நினைப்பதில்லை. சவூதி அரேபியாவில் 2013 வரை வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை. பின்னர் வெள்ளியும் சனியும் ஆயின. ஐக்கிய அரபு அமீரகத்தின் மைய அரசு 2022 தொடக்கத்திலிருந்து வெள்ளி அரைநாள், சனி, ஞாயிறு என மாற்றிக்கொண்டது. "வார இறுதியில் பேசுகிறேன்" என்று மகன் சொல்ல, ஊரில் தாய் எந்த நாளில் தொலைபேசியருகே காத்திருப்பார்?

முன்னோர் செய்த நல்ல மொழிபெயர்ப்பு

குறைகளை மட்டும் அடுக்குதல் நம் நோக்கமன்று. காலச் சொற்களை எவ்வாறு பெயர்க்க வேண்டும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே சிறந்த முன்மாதிரி உண்டு.

அகப்பொருள் இலக்கணம் சிறுபொழுதை ஆறாகப் பகுத்தது. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்பன அவை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலின், ஒவ்வொரு பொழுதும் நான்கு மணி நேரம் ஆகும். ஐந்து வேளைத் தொழுகைகளைத் தமிழில் உணர்த்த விரும்பியவர்கள் கடிகார எண்களைத் தேடி ஓடவில்லை. இப்பொழுதுகளின் பெயர்களையே நாடினர். ஃபஜ்ரை வைகறைத் தொழுகை என்றனர். லுஹரை நண்பகல் தொழுகை என்றனர். மஃரிபை அந்தித் தொழுகை என்றனர். எத்துணைப் பொருத்தம்! தொழுகைக்குரிய நேரம் ஞாயிற்றின் நிலையைக் கொண்டு அமைவது. வைகறை, நண்பகல், அந்தி என்பனவும் ஞாயிற்றைக் கொண்டே அமைந்த பெயர்கள். ஞாயிற்றுச் சொல்லுக்கு ஞாயிற்றுச் சொல்லை ஈடாக நிறுத்தியதால் பொருள் சிதையவில்லை.

நண்பகலைப் பகல் 12 மணி என்று அவர்கள் பெயர்த்திருந்தால் பிழையாகியிருக்கும். கடிகாரத்தின் 12 மணி என்பது மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. இராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா சாலை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை 1856இல் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை வானாய்வகத்தின் நேரமே இந்திய இரயில்கள் பலவற்றுக்கும் நேரமாக நெடுங்காலம் விளங்கியது. 1906 சனவரி முதல் நாளில் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை நேரத்தைவிட அது சற்றொப்ப 9 நிமிடம் முந்தியது. ஆகையால் இன்று நம் பருத்திப்பட்டில் ஞாயிறு உச்சி சேர்வது, ஆண்டுச் சராசரியில், 12 மணிக்கு ஏறத்தாழ 9 நிமிடம் கழித்தே. அதுவும் பருவத்துக்குப் பருவம் முன்பின் ஆகும். கடிகாரத்தை மாற்றலாம், நண்பகலை மாற்ற இயலாது. ஆங்கிலத்தில் நண்பகலைக் குறிக்கும் நூன் என்னும் சொல்லே, ஒரு காலத்தில் பகலின் ஒன்பதாம் மணியை, அதாவது பிற்பகல் மூன்று மணியளவைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்பர் சொல்லாய்வாளர். சொற்களும் இடம் பெயர்கின்றன.

வாழ்த்துச் சொற்களிலும் முன்னோர் தெளிவாயிருந்தனர். வணக்கம் என்பதற்கு வேளை இல்லை. அஸ்ஸலாமு அலைக்கும் என்பதற்கும் வேளை இல்லை. எப்பொழுதும் எவர்க்கும் உரியவை அவை. ஆங்கிலத்தைப் பார்த்துக் காலை வணக்கம், மதிய வணக்கம், மாலை வணக்கம் என்று பிரித்த பின்னர், மூன்றரை மணிக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நிற்கும் மாணவர் எந்த வணக்கத்தைச் சொல்வதென்று தடுமாறுகிறார். இல்லாத சிக்கலை மொழிபெயர்ப்பு உண்டாக்கிவிட்டது.

ஆண்டு என்னும் சொல்

இதுவரை கூறியவற்றில் இழப்பு ஒரு பயணம், ஒரு நாள், ஒரு தண்டத்தொகை என்ற அளவில் நின்றது. சில சொற்களில் அது கடமையையே தொடுகிறது.

ஸக்காத் கடமையாவதற்கு உரிய அளவுப் பொருள் ஓராண்டு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பர். அந்த ஆண்டு பிறைக் கணக்கின் ஆண்டு. 354 அல்லது 355 நாள் கொண்டது. வணிகர்கள் வசதி கருதி ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆங்கில ஆண்டைக் கொண்டால், ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் விடுபடும். ஆங்கில ஆண்டு 33 ஆகும்போது பிறையாண்டு 34 ஆகிவிடும். ஒரு தலைமுறைக்குள் ஓர் ஆண்டின் ஸக்காத், அதாவது ஏழையின் ஓராண்டு உரிமை, எவரும் மறுக்காமலும் எவரும் கொடுக்காமலும் மறைந்து போகும். ஆங்கில ஆண்டைக் கொண்டே கணக்கெழுத வேண்டியவர்கள் 2.5 விழுக்காட்டுக்கு மாற்றாக ஏறத்தாழ 2.577 விழுக்காடு கொடுத்து இதனை ஈடுசெய்யும் முறை வகுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் என்பது திருமறை வகுத்த காலம். அம்மாதங்களும் பிறை மாதங்களே. சுவரில் தொங்கும் ஆங்கில நாட்காட்டியில் மாதத்தைக் கணக்கிட்டால் சில நாள்கள் கூடிவிடும். துயருற்ற பெண்ணின்மேல் கூடுதலாகச் சுமத்தப்படும் அந்நாள்களுக்கு யார் பொறுப்பு? மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி; அதில் நாம் புகவில்லை. மாதம் என்று தமிழில் எழுதும்போது பிறை மாதம் என்று ஒரு சொல் சேர்த்தெழுதுவது தமிழ் அறிந்தோர் பணி, அதைத்தான் வேண்டுகிறோம். முன்னோர் இதனையும் அறிந்திருந்தனர். தேதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ரமலான் பிறை 5" என்று அவர்கள் எழுதியது வெறும் அழகுக்காக அன்று. எந்தக் கணக்கு என்பதை அச்சொல்லே அறிவித்துவிடுகிறது.

ஆங்கிலமே போதாதா?

"இவ்வளவு சிக்கல் எதற்கு? நேரத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டால் என்ன?" என்று கேட்போர் உளர். அவர்கள் கூற்றில் ஒரு பகுதி உண்மை. இரயிலுக்கும் மருத்துவமனைக்கும் கடிகாரக் கணக்கே வேண்டும். அங்கே வைகறை என்றோ அந்தி என்றோ எழுதுதல் பொருந்தாது. 24 மணிக் கணக்கை நம் மாணவர் பிழையறக் கற்க வேண்டும். நாம் தொடக்கத்தில் கூறிய நிகழ்ச்சியிலும் வண்டி 22.20க்குப் புறப்படுவதாயிருந்தால், பாட்டனாரின் கணக்கே பிழைத்திருக்கும். எனவே ஒரு கணக்கு உயர்ந்தது, பிற தாழ்ந்தவை என்று நாம் வாதிடவில்லை.

எனினும் ஆங்கிலச் சொல்லாயின் ஐயம் தீரும் என்பது மெய்யன்று. அடுத்த வெள்ளி என்பதற்கு நிகரான ஆங்கிலத் தொடர், வரும் வெள்ளியா அதற்கடுத்த வெள்ளியா என்று ஆங்கிலேயரிடையேயே ஐயம் உண்டு. 12 ஏ.எம். என்பது நள்ளிரவா நண்பகலா என்று தடுமாறாதவர் சிலரே. விண்ணப்பத்தின் கடைசி நேரம் 15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்றால், அது 15ஆம் தேதியின் தொடக்கமா முடிவா? இவ்வையத்தைப் போக்கத்தான் இப்போது பல அறிவிப்புகளில் இரவு 11.59 என்று எழுதுகின்றனர். பிழை மொழியில் இல்லை. தன் கணக்கே உலகின் கணக்கு என்று எண்ணி எழுதுபவனிடம் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, இரவில் நிகழும் எதற்கும் அறிவிப்பு எழுதுவோர் இரு நாள்களையும் சேர்த்தெழுத வேண்டும். "வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு" என்று பள்ளிவாசல் அறிவிப்புகளில் எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. நாம் அதனைப் பழம்போக்கு என்று எண்ணியிருந்தோம். இப்போது நோக்கினால், இரு கணக்குகளில் வாழும் மக்கள் எவரும் ஏமாறாதபடி எழுதப்பட்ட செம்மையான வாசகம் அது என்பது புலனாகிறது. பயணச்சீட்டையும் அவ்வாறே நம் வீட்டுச் சுவரில் எழுதிவைக்கலாம்: வியாழன் இரவு கழிந்து, வெள்ளி 00.20.

இரண்டாவதாக, தமிழ்த்துறை மாணவர்கள் தம் ஊர்களின் காலச் சொற்களைத் தொகுக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் உழவு செய்த முதியோர் இன்னும் உளர். பருத்திப்பட்டு ஏரி நீரை வயலுக்குத் திருப்பிய நாளில் அவர்கள் பொழுதை எச்சொல்லால் குறித்தனர் என்று கேட்டு எழுதலாம். ஆலைத் தொழிலாளரின் ஷிப்டுச் சொற்கள், தாய்மார் அடுப்படியில் வழங்கும் சொற்கள், ஸஹர் நேரத்துச் சொற்கள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். அகராதிகளில் இடம்பெறாத சொற்கள் பல கிடைக்கும் என்பது நம் நம்பிக்கை. அவற்றைச் சொல்வோர் நம்மிடையே நெடுநாள் இருக்கமாட்டார்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்கள் காலச் சொற்களுக்கென்று ஒரு பயிற்சி வகுக்கலாம். இரயில் கால அட்டவணை, நோன்பு நேர அட்டவணை, தொழிற்சாலை அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கையும் மாணவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்டாலே போதும். எஞ்சியதை அவர்களே கண்டுகொள்வர்.

அந்த இளைஞருக்குப் பின்னர் வேறொரு வேலை கிடைத்தது. ஆயினும், வியாழக்கிழமை மாலை பாட்டனார் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மதிப்பளித்துச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. முதியோர் சொல் நம் கணக்கோடு ஒவ்வாதபோது, அவர் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டுமுன், அவர் வேறொரு கணக்கில் பேசுகிறாரோ என்று ஒரு கணம் நின்று கேட்போம். மொழிபெயர்ப்பின் முதற்பாடமும் அதுவே.

இரவையும் பகலையும் மாறி மாறி வரச்செய்யும் வல்ல இறைவன், நமக்கு அருளப்பட்ட காலத்தை அறிந்து, அளந்து, நன்முறையில் பயன்படுத்தும் பேற்றை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.